அண்ணன் வீட்டுக்குப் போகாதே என்றாள் ரொசினா

கண்ணாடியை இறக்கியதும் பெருஞ்சீரக வாசனை குப்பென்று காருக்குள் வந்தது. பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் காட்டுப் பெருஞ்சீரகம், வெயிலில் காய்ந்து நின்றது...

இத்தாலியில் ஒரு மலைப்பாதை. எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்டியரிங்கில் நான், சேலையோடு. பக்கத்தில் என் கணவர், மடியில் விரித்த ரோட்டு வரைபடத்தோடு.

இவருக்குக் கார் ஓட்ட வராது. மெல்பேர்ணுக்கு வந்த முதல் வருடமே லைசென்ஸ் எடுத்தவள் நான். ஆனால் இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். ஒவ்வொரு வளைவிலும் இவர், "இஞ்சாரும், கொஞ்சம் மெல்லமா..." என்பார்.

"நீங்கள் மப்பைப் பாருங்கோ. ரோட்டை நான் பாக்கிறன்."

லண்டனில் இவருடைய தங்கைக்குக் கல்யாணம். போகிற வழியில் ரோமில் இறங்கி மலையூர்களைச் சுற்றுவோம் என்று திட்டம் போட்டவளும் நான்தான். அதற்குக் காரணம் ரொசினா. மெல்பேர்ணில், கோபேர்க்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, இத்தாலிக்காரி. வேலிக்கு மேலால் அவள் தக்காளி தருவாள், நான் வடை கொடுப்பேன். அவளிடம் நான் பொறுக்கிய இத்தாலியன் முழுக்கச் சமையல் இத்தாலியன். சமையலறைக்கு அவர்கள் சொல்லும் குச்சினாவும் நாங்கள் சொல்லும் குசினியும் கிட்டத்தட்ட ஒரே சொல் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த மொழியில் பயம் போய்விட்டது.

புறப்படும்போது ரொசினா சொன்னாள்: "என் ஊருக்குப் போ. தேவாலயத்தைப் பார். அண்ணன் வீட்டுக்கு மட்டும் போகாதே."

தாயின் செத்த வீட்டுக்கு அவள் வரவில்லை என்று அண்ணன் பேச்சை நிறுத்திப் பல வருடம். ஏன் போகவில்லை என்பதை என்னிடம் மட்டும் ஒருநாள் சொல்லியிருந்தாள்.

முதலில் ஒர்வியேத்தோ. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கல்லில் கட்டிய பெரிய தேவாலயம்... பிறகு அசிசி. காலையில் பள்ளம் முழுக்க மூடுபனி, ஊர் மட்டும் மேலே மிதந்தது. இவர் சுத்த சைவம். ரொட்டி, சீஸ், தக்காளி, அத்திப்பழம் என்று நாட்களை ஓட்டினார். முகம் வாடத் தொடங்கியிருந்தது.

ரொசினாவின் ஊர் சின்னது. ஊர் மதிலுக்கு வெளியே காரை விட்டு ஏறினோம். சந்தியில் ஒரு கோப்பிக் கடை. தேவாலயத்துக்கு வழி கேட்டேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார் கடைக்காரர். மெல்பேர்ண் என்றேன். அவ்வளவுதான். நாங்கள் கோப்பி குடித்து முடிப்பதற்குள் ஒரு உயரமான மனிதர் வாசலில் வந்து நின்றார். ரொசினாவின் அதே மூக்கு.

"மெல்பேர்ணா? என் தங்கச்சியைத் தெரியுமா?"

"பக்கத்து வீடு," என்றேன்.

எங்கள் கோப்பிக்கு அவரே காசு கொடுத்தார். பிறகு, "வாருங்கள், சாப்பிட," என்றார். சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நாங்களாக அவர் வீட்டுக்குப் போகவில்லை, அவரல்லவா வந்து கூப்பிட்டார் என்று என் மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் மேசை நிறையப் பன்றி இறைச்சி. இவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அண்ணனுடைய முகம் கறுத்தது. "என் வீட்டுச் சாப்பாடு ஆகாதா? அவளா அப்படிச் சொல்லி அனுப்பினாள்?"

"இல்லை. இவர் இறைச்சி தொடுவதில்லை. அதனால் ரொசினா எங்களுக்கு எப்போதும் கொண்டைக்கடலையும் பாஸ்டாவும்தான் சமைப்பாள். உள்ளிப்பூண்டு, செத்தல் மிளகாய் போட்டு."

அவர் கையிலிருந்த முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "அது அம்மா சமைப்பது... இன்னும் சமைக்கிறாளா?"

அவருடைய மனைவி எழுந்து குசினிக்குள் போனா. உள்ளி பொரியும் வாசனை வந்தது. நான் இவரைப் பார்த்தேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்று இவருக்கு விளங்கிவிட்டது.

"அது அவையின்ர வீட்டு விசயம். எங்களுக்கேன்?"

"ஆராவது சொல்லத்தானே வேணும்."

எனக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன். உங்கள் அம்மா இறந்தபோது ரொசினா ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளை பிறந்து தங்கவில்லை. துக்க வீட்டுக்கு இன்னொரு துக்கத்தை எழுத வேண்டாம் என்று கணவனைத் தடுத்துவிட்டாள்...

சரியான சொற்கள்தானா தெரியாது. ஆனால் குசினி வாசலில் அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

அவர் மேசையைவிட்டு எழுந்தார். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. நேரே கோப்பிக் கடைக்கு. ஊருக்கு வெளிநாட்டுப் போன் அங்கேதான். நாங்களும் பின்னால் ஓடினோம். ரொசினாவின் நம்பரை என் குறிப்புப் புத்தகத்தில் பார்த்து ஒபரேட்டரிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். சீட்டு விளையாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

மணி அடித்தது. "ரொசினா, நான்," என்றார். தூரம் அதிகம் என்பதால் கத்த வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும், கத்திக் கத்தியே கேட்டார். "ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஏன் எனக்குச் சொல்லவில்லை?" திரும்பத் திரும்ப அதையே... பிறகு ரிசீவரை என் கையில் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் ரொசினா மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"உன் புருஷனுக்கு என்ன சாப்பாடு கொடுத்தார்கள்?" என்றாள்.

"உங்கள் அண்ணி பாஸ்டா சமைக்கிறா. உள்ளி போட்டு."

"சரி. ஆறுமுன் போய்ச் சாப்பிடுங்கள்."

இவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த கோடையில் ரொசினா ஊருக்குப் போய்வந்தாள். நான் செய்தது சரியா என்று இவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது மெல்பேர்ணிலேயே, ரோவிலில் மகனோடு இருக்கிறேன். போன வருடம் அவனும் மருமகளும் அதே மலையூர்களுக்குப் போய்வந்தார்கள். சாப்பாட்டைத் தட்டுத் தட்டாகப் படம் எடுத்து அனுப்பினார்கள். எல்லாம் வடிவு. எங்களிடம் அந்தப் பயணத்தின் ஒரு சாப்பாட்டுப் படம்கூட இல்லை.

"ஆரோடயாவது கதைச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"நோ நீட் அம்மா. போனே எல்லா வழியும் காட்டிச்சுது. ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை."

நல்ல வசதிதான். படங்களை இன்னொரு தரம் பார்த்தேன். எதிலும் மனிதர்கள் இல்லை.