மழையில் விலகிய குறி

மோர்னிங்சைட் வீட்டுக் கராஜில் என் கணவர் தன் பழைய வேட்டைத் துவக்கின் மரப்பிடியைச் சாண்ட்பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊறிய மரத்தூள் மணந்தது.

"மழையிலை மரம் ஊறிப் பருத்து, குழலை நெருக்குது. அதுதான் குறி விலகுது," என்றார்.

வன்னியில் அப்பாவின் துவக்கிலும் இதே மணம். மாரி மழையில் வயலுக்கு வரும் பன்றிக்கு அவர் துவக்கால் வைக்கும் வெடி தவறிக்கொண்டேயிருக்கும். குடித்திருப்பார் என்று அம்மாவுக்குச் சந்தேகம். வாசற்படலையிலேயே அவரை மறிப்பார்.

"வாயை ஊதுங்கோ பாப்பம்!"

வெற்றிலைதான் மணக்கும்.

"சத்தியமாக் குடிக்கேல்லை," என்பார் அப்பா.

"மறைக்கத்தானே வெத்திலை!" அம்மா விடுகிற ஆளில்லை.

அப்பா இறந்து எத்தனையோ வருடங்கள். உள்ளே ஓடிப்போய், எங்களோடு இருக்கும் அம்மாவிடம் மழையில் மரம் ஊறிக் குறி விலகும் கதையைச் சொன்னேன். கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடி! மனுசன் எனக்குப் பொய் சொல்லேல்லை."