தவமணி வேண்டாம் என்ற பேருந்து

கோச்சடை தவமணியின் படத்தை ஒரு மதுரைப் பேருந்து வீடியோ கேமில் போடக் கூடாது என்று அவர் மனைவி பஞ்சவர்ணம், அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு நேற்று, செவ்வாய்க்கிழமை, கடிதம் கொடுத்தார். நகலை அவரே என்னிடம் காட்டினார். நேற்று தவமணி இறந்து பதினோராம் நாள்.

இறந்த செய்தியையும் பஞ்சவர்ணம்தான் தொலைபேசியில் சொன்னார். காலைப் பணிக்குச் சட்டை மாட்டியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “எந்திரிக்கவே இல்லண்ணே.”

தவமணி டவுன் பஸ் ஓட்டுநர். பணி முடிந்து வந்து கேம் விளையாடி, அதை வாங்கலாமா வேண்டாமா என்று யூடியூபில் சொல்வார். எந்த நிறுவனத்திடமும் இலவசமாக வாங்கியதில்லை. இதைப் படிப்பவர்களில் பலர் அவரைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கியிருப்பீர்கள்.

தல்லாகுளத்தில் அவரை முதலில் சந்தித்தபோது, பேருந்து ஓட்டுநர் கேம் விளையாடுகிறார் என்பதையே செய்தியாக்கப் போயிருந்தேன். “டிரைவரு வெளாடுறது ஒரு செய்தியாண்ணே? இம்புட்டு வெல வச்சு விக்கிறான், கேமு மொக்கையா இருக்கு. அதுதேன் செய்தி” என்றார். யோசித்து வைத்திருந்த தலைப்பை அங்கேயே கைவிட்டேன்.

அவரும் ஒருமுறை தவறினார். விவசாயம் செய்யும் கேம் ஒன்றை ஒரே மாலை விளையாடிவிட்டு, சலிப்பு என்று தள்ளினார். திருவாதவூரிலிருந்து ஒரு பெண் எழுதினார்: “அறுப்புக்கு முன்னாடியே வயல விட்டுப் போயிட்டீகளே, வெளச்சல் எப்பிடித் தெரியும்?” தவமணி மூன்று வாரம் அதை விளையாடினார். பிறகு, “அந்த அக்கா சொன்னது சரி. தப்பு என்னோடது. கேமு அருமை, வாங்குங்க” என்று புதிய காணொளி போட்டார். பழையதையும் நீக்கவில்லை. அதன்பின் முடிக்காத எந்தக் கேமைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை.

அப்படி முடித்துவிட்டுத்தான் இந்த மதுரைப் பேருந்து கேமை வேண்டாம் என்றார். நம் ஊர்த் தெருக்கள், நம் ஊர்ப் பேருந்து. நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் பழக்கூடையுடன் வீட்டுக்கு வந்தார். அன்று நானும் அங்கிருந்தேன்.

“அண்ணே, நம்ம ஊருக் கேமுண்ணே. கொஞ்சம் பாத்துச் சொல்லக் கூடாதா?”

“நம்ம ஊருன்னுதேன் ரெண்டு தடவ பாத்தேன் மாப்ள. ஸ்டாப்புல ஒரு பெரியவரு கையக் காட்டுறாரு. நிக்காமப் போனா நேரத்துக்கு வந்துட்டேன்னு ஸ்டார் குடுக்குது. நின்னு ஏத்துனா ஸ்டாரப் புடுங்குது. எவன்டா இத யோசிச்சது? அவன் பஸ்ஸுக்கு நின்னிருக்கானா?”

“கேமுதானண்ணே...”

“பஸ்ஸும் வேலதான். அதுக்காக ஏத்தாமப் போவேனா?”

பழக்கூடை அந்த இளைஞருடனே திரும்பிப் போனது.

இப்போது புதிய பதிப்பு வருகிறது. அதில் ஓட்டுநர் இருக்கையில் தவமணியின் முகம் இருக்கும், அது அவருக்குச் செய்யும் அஞ்சலி என்கிறது நிறுவனம். பஞ்சவர்ணத்தின் தம்பிக்கு இதில் சம்மதம். “மச்சான் பேரு நிக்கும்லக்கா” என்றார் என் முன்னால்.

“உசுரோட இருக்கயில வேணாம்னவுக, செத்ததும் சரின்னுருவாகளா? பேரு நிக்கட்டும். அவுக சொன்ன சொல்லோட நிக்கட்டும்” என்றார் பஞ்சவர்ணம்.

இறந்தவரின் கோபத்தை மழுக்கி எழுதுவது அஞ்சலிக் கட்டுரைகளின் வழக்கம். நான் அதைச் செய்யப் போவதில்லை. கடைசி வரை பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே, பார்த்தபின் மாற்றிச் சொல்லாதே. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். அதனால், இப்போது விற்கும் பதிப்பை நானும் கடைசி வரை ஓட்டினேன். பெரியவர் இன்னும் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நின்றேன். ஸ்டார் போனது.

புதிய பதிப்பில் இது திருத்தப்பட்டதா என்று நிறுவனத்திடம் கேட்டேன், பதில் இல்லை. பஞ்சவர்ணத்தின் கடிதத்துக்கு வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளியீடு ஞாயிற்றுக்கிழமை, தவமணியின் பதினாறாம் நாள் காரியத்தன்று. இந்தக் கேம் பற்றிய அவருடைய காணொளி இன்று காலை வரை அப்படியே இருக்கிறது. அதில் அவர் கடைசியாகச் சொல்வது: “வாங்காதீக.”