சங்கராபரணிக் கரையில் ஒரு துவைக்கிற கல்

சுனாமிக்கு அடுத்த வருடம். சங்கராபரணி ஆற்றங்கரையின் பழைய கோயில்கள், கல்வெட்டுகள் பற்றி ஒரு கட்டுரை எழுத, மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். வில்லியனூர் தாண்டி ஓர் ஊரின் ஆற்றுத் துறையில் சோழர் காலக் கல்வெட்டு கிடப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், அந்தக் கல்லின் மேல் ஒரு பெண் போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கத்தினேன். "ஆயிரம் வருஷத்துக் கல்லும்மா இது! அறிவில்ல உனக்கு?"

அவர் கை நிற்கவில்லை. "கத்தாத சார். எழுத்து அடியில இருக்குது. கைய வுட்டுப் பாரு."

எழுத்து மணலில் உரசாதபடி கல்லுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மண்டியிட்டுத் தண்ணீருக்குள் கையை நுழைத்தேன். வரி வரியாக எழுத்துகள் விரல்களில் ஓடின, குளிர்ந்து, கூர் மழுங்காமல்.

"மணல் லாரிக்காரன் சக்கரம் உருளாம அண்டக் குடுக்கத் தூக்கினு பூட்டான். நாங்க பொம்பளைங்கதான் லாரிய மறிச்சி வாங்கியாந்தோம். சும்மா கெடந்தா மறுபடி எவனாச்சும் தூக்குவான். நாங்க துவைக்கிற கல்லுல கை வெச்சிப் பாக்கட்டும்!" சிரித்தார். "ஆமா, அதுல என்னா சார் எழுதியிருக்குது?"

"தெரியலைங்க. அந்தக் காலத்து எழுத்து, எனக்குப் படிக்க வராது."

"அதுக்கா இந்தக் கத்து கத்துன?"

ஈரக் கையோடு ஸ்கூட்டரை எடுத்தேன். பாதுகாப்பு என்ற சொல்லை அதுவரை தொல்லியல் துறையின் தகரப் பலகைகளில்தான் படித்திருந்தேன். கட்டுரையில் ஆற்றை எழுதினேன், கோயில்களை எழுதினேன். அந்த ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை. இன்றும் யார் கேட்டாலும் சொல்வதில்லை. அவர்கள் காக்கிற கல்லுக்கு என்னால் ஆனது அவ்வளவுதான்.