ராஜம்மாவிடம் நிற்காத கை

போன சனிக்கிழமை ஒரு ரோபோவைப் பார்க்கப் போனேன். 

அதைக் கொண்டுவந்த கலைச்செல்வி கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்து, பண்டாரவளையில் படித்து, இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். என்ன ஆய்வு தெரியுமா? மனிதர்கள் பயமில்லாமல் பக்கத்தில் நிற்கக்கூடிய ரோபோ.

லீவில் வந்தவர் மேசைமேல் வைக்கிற ஓர் இரும்புக் கையைக் கொண்டுவந்திருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் அதை இயக்கிக் காட்டினார். பத்திரிகையில் நான் எழுதுகிற பத்திக்கு விஷயம் கிடைக்குமே என்று நானும் ஆஜர்.

இரும்புக் கை மெல்ல இறங்கியது. செல்வி அதன் அடியில் தன் கையை வைத்தார். பட்டதும் – டக்கென்று நின்றது. மனிதத் தோல் பட்டால் நின்றுவிடுமாம். எல்லோரும் கைதட்டினோம். என் பழைய கேமராவில் மிச்சமிருந்த ஃபிலிமை நான் அங்கேயே முடித்துவிட்டேன்.

"ராஜம், நீ வந்து வை" என்றார் செல்வி.

ராஜம்மா அவரோடு ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவர். கொழுந்து பறிக்கிறவர். மலையிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார்.

"நசுக்கிறாதாடி?"

"நசுக்காது. பயப்படாம வை."

வைத்தார். இரும்புக் கை இறங்கியது. இறங்கியது... நிற்கவே இல்லை.

ராஜம்மா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. செல்வி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார். விரல்களைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது.

கொழுந்துக் காம்பு விரலை அறுக்காமல் இருக்க, ராஜம்மா விரல்களில் துணி சுற்றி, மேலே சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டியிருந்தார். ரோபோ தோலைத் தேடியது. கிடைத்தது ரப்பர்.

ஆய்வுக்கூடத்தில் எத்தனை கைகளை வைத்துச் சோதித்திருப்பார்கள்? அதில் ஒன்றுகூடவா கொழுந்து பறிக்கிற கை இல்லை? செல்வியின் அம்மாவே இப்படி ரப்பர் கட்டிய விரல்களோடுதான் மகளைப் படிக்க வைத்தார். அந்த மகளுக்கே மறந்துபோயிருந்தது. 

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வி அழுதுகொண்டே இருந்தார்.

"மன்னிச்சிரு ராஜம். மெஷினை நம்பி வைக்கச் சொல்லிட்டேன்."

ராஜம்மா வீங்கிய விரல்களைப் பார்த்தபடி சொன்னார்:

"மெஷினை யாருடி நம்புனா? உன்னைய நம்பித்தானே வச்சேன்."

செல்வி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

எலும்பு உடையவில்லை, வீக்கம் ஒரு வாரத்தில் வற்றிவிடும் என்றார் டாக்டர். மற்றதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.