நட்டதைப் பிடுங்க மாட்டோம்

மெட்ராசுக்கு நான் முதன்முதலாகப் போனது நாற்று நடுவதற்கு. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். தார் ரோட்டிலா நட்டீர்கள் என்று கேட்கிறார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

எங்கள் ஊர் திருப்பனந்தாள் பக்கம். எங்கள் தெருவில் பதினோரு குடிசைகள். பதினொன்றும் மிராசுதாரின் நிலத்தில் நின்றன. அவர் வயலில் வேலை செய்கிறவரை இருக்கலாம், முறைத்துக்கொண்டால் கிளம்ப வேண்டும். எங்கள் மாமனாரின் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று அப்போதுதான் அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. நாங்களும் பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். தெருவில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மனுவை நான்தான் எழுதினேன். கொடுத்து இரண்டு நடவு முடிந்துவிட்டது. போய்க் கேட்டால், "மேல போயிருக்கும்மா" என்பார் குமாஸ்தா. எங்கே மேலே, ஓட்டுக்கு மேலேயா என்று கேட்கத் தோன்றும். கேட்காமல் வந்துவிடுவேன்.

அந்த வருஷம் கூலி உயர்த்திக் கேட்டோம். மிராசுதாரை ஆண்டை என்று கூப்பிடுவதையும் நிறுத்தினோம். கூலியைவிட இதுதான் அவருக்கு அதிகம் உறைத்தது. அவருடைய காரியக்காரர் தெருமுனையில் வந்து நின்று சொன்னார்.

"அடுத்த நடவுக்குள்ள எடத்தக் காலி பண்ணிடணும். இல்லாட்டி நாங்க பண்ணிக்கிறோம்."

எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பெண் குழந்தை. அந்தக் குடிசை போனால் ஆற்றுப் படுகைதான்.

அந்த நேரத்தில் பிளாக் ஆபீசிலிருந்து கிராம சேவக் சைக்கிளில் வந்தார். மெட்ராசில் விவசாயக் கண்காட்சி, தஞ்சாவூர் நடவு எப்படி என்று பட்டணத்து ஜனங்களுக்குக் காட்ட வேண்டும், வரிசை பிசகாமல் நடுகிற எட்டுப் பெண்கள் வேண்டும், மூன்று நாள், கூலியும் சாப்பாடும் ரயிலும் அரசாங்கச் செலவு என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. சோறு தின்கிறவனுக்கு நெல் எப்படி வருகிறது என்று நாங்கள் போய் வேடிக்கை காட்ட வேண்டுமாம். ஆனால் என் வீட்டுக்காரர் வேறு மாதிரி யோசித்தார்.

"நீ போ. பிள்ளைய ஒங்கம்மா பாத்துக்கட்டும், குடிசைய நான் பாத்துக்கறேன். அங்க கோட்டையிலேருந்து எவனாச்சும் வருவான். மனு என்னாச்சுன்னு கேளு."

"கோட்டையிலேருந்து வர்றவன் என்னையப் பாப்பானா, நாத்தப் பாப்பானா?"

"நாத்தப் பாத்தா கையில வச்சிருக்கவளையும் பாத்துதான ஆவணும்."

போனேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் போனேன்.

நாற்றைப் பிடி பிடியாக முடிந்து, அந்த முடிகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் ஏற்றினோம். ரயில் நின்ற இடத்திலெல்லாம் என் நாத்தனார் இறங்கி ஓடிச் சொம்பில் தண்ணீர் பிடித்து வந்து சாக்கில் தெளித்தாள். அவள்தான் எங்கள் கூட்டத்தின் வாய். பெட்டியில் ஒரு ஆள் சாக்குக்குள் என்ன என்று கேட்டதற்கு, "ஒன் மவன் கல்யாணத்துக்குச் சோறு" என்றாள்.

மெட்ராசைப் பற்றி எனக்குச் சொல்லி அனுப்பியிருந்ததெல்லாம் பயம்தான். சுருக்குப் பையை அறுத்துவிடுவான், தண்ணீர் கேட்டால் விரட்டுவான், சேரிக்காரி என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான். எழும்பூரில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் தயங்கி நின்றேன். எங்கள் ஊர்க் கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ், குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். இங்கே டீ போடுகிறவன் எல்லாருக்கும் கொடுத்த மாதிரியே ஒரு கிளாஸை நீட்டினான். குடித்து முடித்துக் கழுவப் போனேன். "ஏம்மா, என் வேலையப் புடுங்குறியா? வச்சிட்டுப் போ" என்றான். அவனுக்கு வியாபாரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான், அவன் பெரிய மனிதன் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்த டீயின் சூடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கண்காட்சித் திடலில் எங்களைத் தங்கவைத்த கொட்டகைக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. சீமைப் பசுக்கள். அவற்றுக்கு மின்விசிறி ஓடியது. எங்களுக்கு இல்லை.

"அடுத்த பிறவியில சீமைப் பசுவா பொறக்கணும்டி" என்றாள் நாத்தனார்.

வயல் என்று அவர்கள் காட்டியதைப் பார்த்துவிட்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செங்கல் அடுக்கி, லாரி மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டிருந்தார்கள். நாலு கட்டில் போட்டால் நிரம்பிவிடும். எட்டுப் பேரும் குனிந்தோம். கூட்டம் சேருவதற்குள் நட்டு முடித்துக் கரையில் நின்றோம். ஒரு குழந்தை, "அவ்ளோதானாப்பா?" என்று கேட்டது.

கண்காட்சி சூப்பர்வைசர் ஓடி வந்தார். வெள்ளைப் பேன்ட் போட்ட சின்ன வயசுக்காரர்.

"என்னம்மா இது, அதுக்குள்ள முடிச்சிட்டீங்க? மூணு நாளைக்கும்மா இது!"

"வயலு முடிஞ்சிட்டுதுங்க" என்றேன்.

"அதனால என்ன? எல்லாத்தையும் பிடுங்குங்க. சாயங்காலம் கூட்டம் வரும்போது மறுபடி நடுங்க."

அவருக்கு அது சாதாரணப் பேச்சு. எங்கள் பக்கத்தில் நட்ட நாற்றைப் பிடுங்குவது பகையாளி செய்கிற வேலை. அதற்கு முந்தின வருஷம்தான் பக்கத்து ஊரில் ஒரு குத்தகைக்காரரின் வயலில் வெளியூர் ஆட்களை இறக்கி, நட்டு நாலு நாள் ஆன நாற்றை மொத்தமாகப் பிடுங்கி வரப்பில் எறிந்தார்கள். அவர் மனைவி சேற்றில் உட்கார்ந்து சாவு வீடு போல அழுததை நாங்கள் எட்டுப் பேரும் பார்த்தவர்கள். காசு கொடுத்தால் அதை எங்கள் கையாலேயே செய்வோம் என்று இந்த ஆள் நினைத்தார்.

"பிடுங்க மாட்டோம்" என்றேன்.

"இது நெஜ வயல் இல்லம்மா. காட்சிக்குத்தானே?"

நாத்தனார் முன்னால் வந்தாள். "ஏங்க, கண்காட்சின்னா நீங்க ஒங்க பொண்டாட்டிக்குத் தாலியக் கட்டிக் கட்டி, அவுத்து அவுத்து மூணு நாளு காட்டுவீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் முகம் சிவந்து, "பிடுங்கலன்னா கூலியும் கெடையாது, திரும்பிப் போக டிக்கெட்டும் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் அழுதார்கள். திடலைப் பெருக்குகிற மெட்ராஸ்காரப் பெண் துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"இன்னாமே, சண்டை போட்டுக்கினீங்களாமே? ஆமா, தஞ்சாவூருன்னா அரிசி கொட்டிக் கெடக்குமாமே?"

"கெடக்கும். எங்களுக்கில்ல. குடியிருக்குற மனைக்குப் பட்டாவே இன்னும் வரல."

"அக்காங், இங்க கூடத்தான் மாடி மாடியா கட்டிக் கெடக்குது. நான் கூவம் ஓரம் குட்ச போட்டுக்கினுகீறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாளிக்கிக் காலில கோட்டைலேந்து பெரிய ஆபீசர் வர்றாரு. பட்டா கிட்டா எல்லாம் அவுரு கைலதானாம். அதுக்குத்தான் இந்த ஆளு இந்த ஆட்டம் ஆடுறான். நீ அப்பால அழு. மொதல்ல அவுரப் புடி."

யார் பெற்ற பெண்ணோ. எங்களை விரட்டும் என்று நான் நினைத்து வந்த ஊரில் எங்களுக்கு வழி சொன்னது அவள் மட்டும்தான்.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். வழுக்கைத் தலை, கண்ணாடி, சிரிப்பே இல்லாத முகம். பின்னால் பத்துப் பேர். எங்கள் பாத்தி முன்னால் வந்து, "நடவு எங்கே?" என்று கேட்டார். "இவங்க ஒத்துழைக்கல சார்" என்றார் சூப்பர்வைசர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது புது ஆள் யாராவது வரப்புக்கு வந்தால், ஒரு நாற்று முடியை அவர் காலடியில் வைத்துக் குலவை போட்டு வழி மறிப்போம். ஏதாவது கொடுக்காமல் அவர் அதைத் தாண்டக் கூடாது. மிராசுதாராக இருந்தாலும் தாண்ட மாட்டார். சாக்கில் மீதி இருந்த முடிகளில் ஒன்றை எடுத்துப் போய் அவருடைய பூட்ஸ் முன்னால் வைத்தேன். ஏழு பேரும் குலவை போட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் பசுக்கள் மிரண்டு கத்தின. டவாலி போட்ட சேவகன், "ஏய், எடு அத!" என்று பாய்ந்து வந்தான்.

அதிகாரி அவனைக் கையால் நிறுத்திவிட்டு, "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்து நீட்டினார்.

"காசு வேணாங்க."

"வேற என்ன?"

நான் அழகாகப் பேச வேண்டும் என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் கோபம்தான் வந்தது. "நீங்க போட்ட சட்டம் எங்க தெருவுக்கு இன்னும் வரலீங்க. மனு குடுத்து ரெண்டு நடவாச்சு. அடுத்த நடவுக்குள்ள குடிசையப் பிரிச்சுப் போடுவேங்கறாங்க. நாங்க இங்க வந்து ஒங்களுக்கு நட்டுக் காட்டிக்கிட்டு நிக்கிறோம்."

விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். "மனு நகல் இருக்கா?" என்றார்.

"இல்லீங்க."

"எழுதத் தெரியுமா?"

"நான்தாங்க எழுதினது."

"அப்ப உக்காந்து எழுதுங்க. எனக்குப் பதினஞ்சு நிமிஷம் இருக்கு."

பேனாவைக் கொடுத்தார். கண்காட்சி நோட்டீசின் பின்பக்கத்தில், செங்கல் கரையில் உட்கார்ந்து எழுதினேன். கை சேறு. அவர் நின்ற இடத்திலேயே நின்றார், நாற்று முடியைத் தாண்டவில்லை. சர்வே நம்பர் கேட்டார். மூச்சு விடாமல் சொன்னேன். அப்போதுதான் என் முகத்தை ஒழுங்காகப் பார்த்தார். எழுதியதை வாங்கி இரண்டு வரி படித்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இது என்ன? மிராசுதார் ஐயா அவர்கள் தயவில் அவர்கள் நிலத்தில் குடியிருந்து வரும் நாங்கள்... முதல் மனுவிலயும் இப்படித்தான் எழுதினீங்களா?"

"ஆமாங்க. எங்க பக்கம் எப்பவும் அப்படித்தாங்க ஆரம்பிக்கிறது."

"அவர் தயவுல இருக்கோம்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அவர் வக்கீல் வேற என்னத்தைத் தேடணும்? அதை அடிங்க. எத்தனை தலைமுறையா இருக்கீங்க, யார் வயல்ல வேலை, அதை மட்டும் எழுதுங்க."

எனக்குக் காது சுட்டது. ஆண்டை என்று கூப்பிட மாட்டோம் என்று தெருவில் நின்று கத்தியவள் நான். அதே கையால் தயவு என்று எழுதிக் கொடுத்தவளும் நான். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. மரியாதை என்று நினைத்து நானே எழுதினேன். இரண்டு நடவாக அந்த மனு எதனால் நகரவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக என் மேல் எனக்கு வந்த கோபம் குமாஸ்தா மேல்கூட வந்ததில்லை. பேனா கிழிக்கிற மாதிரி அடித்துவிட்டு, நாலு தலைமுறை என்று எழுதினேன். பதினோரு குடும்பத்தின் பெயரையும் எழுதினேன்.

அவர் ஓரத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, சேவகனிடம் கொடுத்தார். பிறகு சூப்பர்வைசரிடம் திரும்பினார். "நட்டதை ஏன்யா பிடுங்கச் சொல்ற? பக்கத்துல இன்னும் நாலு லோடு மண்ணைக் கொட்டு." கீழே குனிந்து, தன் பூட்ஸ் முன்னால் கிடந்த முடியைக் காட்டி, "இப்ப போகலாமா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன். போய்விட்டார். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. தேவையும் இல்லை.

மீதி நாட்களில் லாரி மண் கொட்டக் கொட்ட நட்டோம். பட்டணத்துப் பெண்கள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். கூலியும் டிக்கெட்டும் சூப்பர்வைசரே கொண்டு வந்து கொடுத்தார்.

ஊர் திரும்பியபோது குடிசை நின்றது. வேலியை மட்டும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கையில் ஒரு கட்டு. என்ன என்று கேட்டதற்கு, வேலி முள் குத்திவிட்டது என்றார். நம்பவில்லை.

நாற்றங்காலில் விதை விடும் நேரம். ஒரு நாள் காலையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் சர்வேயரும் சங்கிலியோடு தெருவுக்குள் வந்தார்கள். காரியக்காரர் பின்னாலேயே ஓடி வந்து, "யாரக் கேட்டு அளக்குறீங்க?" என்று கத்தினார். "மேல சொல்லியிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று எங்களைக் கேட்டார். பதினோரு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது.

ஒன்பது வீட்டுக்குப் பட்டா வந்தது. இரண்டு வீட்டை மிராசுதார் வேறு சர்வே நம்பர் என்று சொல்லி வழக்கில் இழுத்துவிட்டார். எங்கள் குடிசைக்குக் கீற்று மாற்றி நாலு வருஷம் ஆகியிருந்தது. காலி செய்யச் சொல்கிற இடத்துக்கு யார் கீற்று வாங்குவார்கள்? அந்த மாசமே வாங்கினோம். என் வீட்டுக்காரர் மேலே ஏறிக் கட்ட, நாத்தனார் கீழிருந்து கீற்றை எடுத்துக் கொடுத்தாள். மீதி இரண்டு வீட்டுக்கான மனுவை நான் வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். சர்வே நம்பரை முதல் வரியிலேயே போட்டேன்.