முழுதும் கேட்காமல் சொன்ன ‘சரி’

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடராக இருக்கிறேன். வேகமாக வேலை முடிப்பவள் என்று எனக்குப் பெயர். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் பிரஸ் மெஷின் பழுதாகி நின்றுவிட்டது. ஆர்டர் அவசரம். என்னோடு வேலை செய்யும் மஞ்சுளா ஓடிவந்தாள்.

“அக்கா, சென்சார் மாத்தியாச்சு, ஆனா...”

“சரி சரி” என்றபடி ஸ்டார்ட் பட்டனை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். ஃபிட்டர் முருகேசன் அண்ணனின் கை இன்னும் மெஷினுக்குள் இருந்தது. எதுவும் தெரியாமல் அவர் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்.

டீ இடைவேளையில் மஞ்சுளாவிடம் கேட்டேன். “நான் எப்பவுமே இப்படித்தானா?”

அவள் தயங்கினாள். “கோவிச்சுக்காதீங்கக்கா. நாங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள சரின்னுடுவீங்க. அதனால பாதி விஷயத்த யாரும் உங்ககிட்ட சொல்றதே இல்ல.”

அந்தப் பாதியில் என்னென்ன இருந்ததோ என்று நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது.

இப்போது யார் எது சொன்னாலும், அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே பட்டனில் கை வைக்கிறேன். அவ்வப்போது மஞ்சுளாவிடம் அதே கேள்வியைக் கேட்கிறேன். போன வாரம், “உங்ககிட்ட இன்னும் ஒரு குறை இருக்குதுக்கா” என்றாள். சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.