தமிழுக்கு ஆள் ஆயாச்சு

தேச ஒற்றுமைக்காக நான் செய்த ஒரே காரியம் ஐந்தாம் வகுப்பில் செய்த ஒரு மோசடி. அதையும் நாட்டுக்காகச் செய்யவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலீமுக்காகச் செய்தேன்.

குடியரசு தின விழாவில் ஆளுக்கொரு மொழியில் ‘நாமெல்லாம் ஒன்று’ என்று சொல்ல வேண்டும். டீச்சர் மொழிகளைப் பங்கு வைத்தார். டீக்கடைக்காரர் மகளுக்கு மலையாளம், சேட்டு வீட்டுப் பையனுக்கு இந்தி. தொண்டை பெரிது என்பதால் எனக்குத் தமிழ். சலீமுக்கு, கேட்கவே வேண்டாம், உருது.

“எங்க ஊட்ல தமிழ்தானுங்க டீச்சர்,” என்றான் சலீம்.

“தமிழுக்கு ஆள் ஆயாச்சு கண்ணு. ஊட்ல கேட்டுப் படிச்சுட்டு வா. இல்லீன்னா கீழ உக்காந்துக்கோ.”

அவன் வீட்டில் ஒருவருக்கும் உருது தெரியாது. உக்கடத்தில் தேங்காய் மண்டி வைத்திருந்த அவன் அத்தா, மகன் மேடையேறுவதைப் பார்க்கக் கடையைச் சாத்திவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். தண்ணீர்க் குழாயடியில் சலீம் மூக்கை உறிஞ்சினான்.

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அதற்கு அப்படியொரு பெயர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. எல்லார் வீட்டிலும் உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு என்று நம்பியிருந்தேன்.

“எங்க ஊட்டுப் பேச்சுல சொல்லேன்டா. நாவெல்லா ஒந்தே.”

“இதுவா உருது?”

“தமிழ் இல்லீல்ல? போதும்.”

விழாவன்று நான் தமிழில் முழங்கினேன். சுமாராகக் கைதட்டினார்கள். சலீம் முன்னால் வந்து, “நாவெல்லா ஒந்தே” என்றான். கூட்டத்தில் என் அம்மா மட்டும் திடுக்கிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிறப்பு விருந்தினர் எழுந்தே நின்றுவிட்டார். உருதுவின் இனிமையே தனி என்று மைக்கில் சொல்லி, அவனுக்கு மட்டும் ஒரு பேனா கொடுத்தார்.

எனக்குப் பொறாமை. நியாயமாக அந்தப் பேனா எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது.

வாசலில் அவன் அத்தா நின்றிருந்தார். பேனாவை அவர் பார்க்கவேயில்லை.

“ஏங்கண்ணு, நம்ம தமிழ்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

“அதுக்கு ஆள் ஆயாச்சுன்னுட்டாங்க அத்தா.”

“ஆரு?”

சலீம் என்னைக் காட்டினான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாச் சொன்னீங்க தம்பி,” என்றார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பாராட்டுகிறவர் சிரிக்க வேண்டாமா? அவர் சிரிக்கவில்லை. என் தமிழில் எங்கோ உச்சரிப்புப் பிசகியிருக்கிறது என்று முடிவு செய்து, அன்று முழுக்கக் கண்ணாடி முன் நின்று திருத்திக்கொண்டிருந்தேன்.